நார்த் லில்லி இறக்கிவிட்டுப் போனவர்கள்

போடி கடைத்தெருவில் அழகுராஜா எங்கே இருக்கிறார் என்று கேட்டால் நாலு பேரில் மூன்று பேருக்குத் தெரியாது. கப்பல்காரர் என்று கேட்டால் டீக்கடையில் நிற்கிறவர்கூடக் கையைக் காட்டுவார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஏலக்காய் குடோன்கள் இருக்கும் சந்தில், ஈரப்பதம் மிச்சமிருக்கும் காயை மறுபடி உலர்த்தித் தரும் மெஷின் ஒன்று ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவர்தான் கப்பல்காரர். ஐம்பது வயது தாண்டியவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. துண்டை மடித்தால் நாலு முனையும் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டினாற்போல் உட்காரும். பதினோரு வருஷம் கடலில் துணி துவைத்து மடித்தவர் அப்படித்தான் மடிப்பார்.

அவர் சிலமலைக்காரர். பதினாறு வயதில் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பேர். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும். உள்ளே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆள் உள்ளே போய்க் காயைப் புரட்டிவிட வேண்டும். சூடு முகத்தில் அறையும். போகிறவர்கள் சிந்திக் கிடக்கும் காயை மிதித்துவிடக் கூடாது என்று செருப்பை வாசலில் விட்டுப் போவார்கள். கதவைச் சாத்தித் தாழ் போடுகிறவர் முதலில் வாசலைப் பார்ப்பார். செருப்புக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. மலையேறி வந்த முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அழகுராஜா பதினேழு வருஷம் அந்த வாசலைப் பார்த்துத்தான் தாழ் போட்டார்.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. காய் பாதியாகிவிட்டது, ஸ்டோரில் பாதிப் பேருக்குத்தான் வேலை இருந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் மலையாளி ஒருவருடைய தம்பி கொச்சியில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் இருந்தார். சலவைக்கு ஆள் வேண்டும், சூடு தாங்குகிற ஆளாக வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். மலையாளி அழகுராஜாவைப் பார்த்து, "சூடு பேடிக்காத்த ஆளு இவிடெ நீயல்லாதெ வேறெ ஆரு?" என்றார். சூட்டுக்குப் பயப்படாத ஆள் இங்கே உன்னை விட்டால் யார் என்று அர்த்தம்.

இப்படித்தான் 2005ல், அதுவரை கடலையே பார்க்காத ஒரு மனுஷன், நார்த் லில்லி என்ற பயணிகள் கப்பலின் அடித்தட்டில் போய் இறங்கினார்.

முதல் வாரம் கூட வந்த புது ஆட்கள் எல்லாரும் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அழகுராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டே போய் வந்தவரைக் கடல் என்ன செய்யும்? சலவை அறையின் ஃபோர்மேன், கோவாக்காரர் பெர்னாண்டஸ், இவரை ஒரு தினுசாகப் பார்த்தார். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார் அவர். தமிழ்த் துறைமுகங்களில் பொறுக்கிய தமிழும் கொஞ்சம் இருந்தது. "உங்க ஊர்ல கடல் இருக்கா?" என்று கேட்டார். "இல்ல சார், மலைதான்" என்றார் இவர். "அப்ப மலை ஆடுமா?" என்றார் பெர்னாண்டஸ். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

கப்பலின் கதையை அழகுராஜாவுக்குச் சொன்னதும் பெர்னாண்டஸ்தான். அது 1961ல் ஐரோப்பாவில் கட்டிய கப்பல். அந்தக் காலத்தில் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போன குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனது. கூடத்துச் சுவரில் அந்தக் காலத்துப் போட்டோ ஒன்று கண்ணாடிக்குள் மாட்டியிருந்தது. மேல்தட்டில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தகரப் பெட்டிகளுக்கு மேல் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமான் சட்டியோடு ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறும் குடும்பங்களின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அழகுராஜாவுக்குத் தோன்றியது. அப்புறம் எல்லாரும் விமானத்தில் போகத் தொடங்கினார்கள். கப்பலைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் வயசானவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கும் கப்பலாக ஆக்கினார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு பேர். நார்த் லில்லி என்பது ஐந்தாவது பேர். பழைய பேர்களை அராவி எடுத்துவிட்டுத்தான் புதுசு எழுதினார்கள் என்றாலும், சாயங்கால வெயில் சாய்வாக அடிக்கும்போது கப்பலின் முகத்தில் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்துகளின் விளிம்பு தெரியும். பெர்னாண்டஸ் ஐந்து பேரையும் மூச்சு விடாமல் சொல்வார். கப்பலைக் 'கிழவி' என்பார். அதில் இருபத்தோரு வருஷம் இருந்தவர். வேறு கப்பலில் கூடுதல் சம்பளம் என்று கூப்பிட்டும் போகாதவர்.

சலவை அறையில் உலர்த்தும் மெஷின்கள் ஒரு வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு ஒரு சந்து. மெஷின் கக்கும் பஞ்சுத் தூசியை அங்கே போய்த் தினமும் எடுக்க வேண்டும். கப்பல் ஆடும்போது சந்தின் கதவு அடித்துக்கொள்ளும் என்று வெளியே ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ கொக்கியை மாட்டிவிட்டார்கள். அரைமணி நேரம் கழித்து மயங்கினவரைத்தான் வெளியே எடுத்தார்கள். மறுநாள் அழகுராஜா எல்லாரிடமும் சொல்லிவிட்டார்: சந்துக்குள் போனால் செருப்பை வாசலில் விட வேண்டும். ஷூதான் போட வேண்டும் என்பது கப்பலின் விதி. அந்தச் சூட்டில் பெர்னாண்டஸைத் தவிர யாரும் ஷூ போடுவதில்லை.

"செருப்பக் கழட்டிட்டுப் போக இது என்ன கோயிலா?" என்றார் பெர்னாண்டஸ்.

"கோயில்ல செருப்பு காணாமப் போகும் சார். இங்க ஆளு காணாமப் போகக் கூடாது."

பெர்னாண்டஸ் சிரித்தார். அவர் மட்டும் கடைசிவரை ஷூவோடுதான் போனார். மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் அது பழக்கமாகிவிட்டது.

2013ல் மச்சினன் தவசியையும் அழகுராஜா கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தவசி, மனைவி சூர்யகலாவின் தம்பி. குரங்கணியில் பொற்கொடியைக் கட்டி அங்கேயே இருந்தார். நாற்பதை நெருங்கிய ஆள், பேச்சுக்காரர். காப்பிக்கொட்டை மூட்டை தூக்கி முதுகு கெட்டுப்போயிருந்தது. போடி பஸ் நிலையத்தில் வழியனுப்ப வந்த பொற்கொடி, பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்தார்.

"அண்ணே, நீங்களாத்தான் கேட்டுக் கூட்டிட்டுப் போறீக. நீங்களே கொண்டாந்து விட்டுருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"கொண்டாந்து விடுறேன் ஆத்தா."

"நான் என்ன லோடா, ஏத்தி எறக்குறதுக்கு?" என்றார் தவசி.

"நீ செத்த சும்மா இரு" என்று பொற்கொடி அவரை அடக்கிவிட்டு, மறுபடியும் அழகுராஜாவையே பார்த்தார். அந்தப் பார்வைக்கும் சேர்த்து இவர் தலையை ஆட்டினார்.

2016 பிப்ரவரியில், நார்த் லில்லி அரபிக்கடலில் கொச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓமன் கரை ஒருநாள் ஓட்டத்துக்குப் பின்னால் இருந்தது. காலை பத்து மணி. பயணிகள் மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். கீழே, எழுநூறு பேர் படுத்த விரிப்புகள் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் விளக்கு அணைந்து வந்தது. மறுபடி அணைந்தது, வரவில்லை. ஆபத்து என்றால் ஊதும் ஏழு குட்டைச் சங்கும் ஒரு நீளச் சங்கும் ஊதின. காற்றுக் குழாய் வழியாகப் புகை வந்தது.

விறகுப் புகை எது, காய் கருகும் புகை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அழகுராஜா. இது எண்ணெய்ப் புகை. எஞ்சின் அறையில் எண்ணெய்க் குழாய் விட்டுப்போய்ப் பற்றிக்கொண்டது என்று பின்னால் சொன்னார்கள். 

"மேல போங்க, மேல போங்க" என்று பெர்னாண்டஸின் சத்தம் கேட்டது. இருட்டில் ஆட்கள் முட்டி மோதிப் படியேறினார்கள். கதவோரத்தில் சிவப்பாக ஒரு சின்ன அவசர விளக்கு மட்டும் எரிந்தது. அழகுராஜா கடைசி ஆளாகப் படியில் கால் வைத்தவர், பதினேழு வருஷப் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

சந்து வாசலில் ஒரு ஜோடிச் செருப்புக் கிடந்தது. நீலச் செருப்பு. வார் அறுந்து கம்பி வைத்துக் கட்டியது. தவசியுடையது.

அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. தொட்டியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டினார். கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தார், சுட்டது, தீய்க்கவில்லை. கொக்கி மாட்டவில்லை. திறந்து, தரையோடு படுத்து உள்ளே போனார். ஸ்டோரில் அடுப்புக் குழாய் வெடித்தால் அப்படித்தான் போவார்கள். புகை மேலே நிற்கும், அடியில் ஒரு சாண் அளவுக்குக் காற்று இருக்கும்.

"மாப்ளே, மாப்ளே."

 கையைத் துழாவிக்கொண்டே போனார். சந்தின் கோடியில் கையில் ஒரு கால் தட்டுப்பட்டது. காலில் ஷூ இருந்தது.

ஷூ போட்டவர் ஒரே ஒருத்தர்தான். பெர்னாண்டஸ்.

அழகுராஜா இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஒரு நொடி அந்தக் காலை விட்டுவிட்டார். தேடி வந்தது இந்த ஆளை இல்லை. தவசி இன்னும் உள்ளே எங்கோ கிடக்கிறார், பெர்னாண்டஸோ எண்பது கிலோ, இருக்கிற மூச்சு ஒரு ஆளை இழுக்கத்தான் போதும். விட்ட கையை எந்தக் கணக்கில் மறுபடி நீட்டினார் என்று அவருக்கே தெரியாது. 'கையில கெடச்ச ஆள விட்டுட்டு எங்க போய்த் தேட' என்று மட்டும் சொல்வார். இரண்டு காலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

வெளியே கொண்டுவந்து போட்டபோது, முகமூடி போட்ட தீயணைப்பு ஆட்கள் படியிறங்கி வந்துவிட்டார்கள். இரண்டு பேர் பெர்னாண்டஸைத் தூக்கிக்கொண்டார்கள். அழகுராஜா மறுபடி உள்ளே பாய்ந்தார். ஒருத்தன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். இன்னொருத்தன் சலவை அறையின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திச் சக்கரத்தைத் திருகினான்.

"உள்ள ஆளு இருக்குடா, எங்க ஆளுடா" என்று அழகுராஜா தமிழில் கத்தினார். அவர்களுக்கு என்ன புரியும்? மனுஷனை மூட்டையாகத் தூக்கி மேலே கொண்டுபோனார்கள். ஆறு மாடி. ஏறும் வழியெல்லாம் அவருக்குப் பொற்கொடியின் முகம்தான். அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது என்பதைத் தவிர வேறு ஒன்றும் மண்டையில் ஓடவில்லை.

மேல்தட்டில் வெயில் கண்ணைக் குத்தியது. படகுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றார்கள். ஒரு ஓரத்தில் இரண்டு பேர் ஒருத்தரைக் கீழே அமுக்கிப் பிடித்திருந்தார்கள். பிடிபட்டவர் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். குரங்கணிக் கெட்ட வார்த்தை.

"விடுங்கடா, எங்க மச்சான் கீழ இருக்காருடா."

தவசிதான். வெறுங்காலோடு.

அழகுராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே தவசியின் காலைப் பார்த்தார். இரண்டு உள்ளங்காலும் கரி.

"செருப்ப எங்கடா?"

"தீப்பிடிச்சுக் கெடக்கு, செருப்பு மாட்டிட்டு வரச் சொல்றியா மச்சான்? சங்கு ஊதுனதும் சந்த விட்டு ஓடியாந்துட்டேன்."

"செருப்பக் கழட்டுன எடத்துல நீ இருக்கணும்டா. இல்லைனா செருப்பு உங்கூட இருக்கணும்."

"சரி, அடுத்த கப்பல்ல அப்படிச் செய்றேன்" என்றார் தவசி. சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழகுராஜா அவர் தோளில் ரெண்டு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டார்.

ஒரு சரக்குக் கப்பல் மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. பயணிகள், வேலையாட்கள் எல்லாரும் ஏறினார்கள். எண்ணிப் பார்த்தார்கள், ஒரு தலை குறையவில்லை. பெர்னாண்டஸ் ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் கிடந்தார். பேச்சு வந்ததும் அழகுராஜாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ப்ளூ செருப்பு பாத்தேன்" என்றார். "அதான் போனேன்."

செருப்பு இருந்தால் ஆள் இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தது இவர். அதைக் கிண்டல் செய்த மனுஷன் அதை நம்பி உள்ளே போயிருக்கிறார். தான் கொண்டுவந்த பழக்கம் ஒரு ஆளைக் கொன்றிருக்குமே என்று அழகுராஜா நினைத்தார். பெர்னாண்டஸின் கையைப் பிடித்து, "தப்பு எம்மேல சார்" என்றார். பெர்னாண்டஸ் இல்லை என்று தலையை அசைத்தார். "ரெண்டு பேரும் ஒரே தப்புதான் பண்ணினோம். நீ பண்ணலன்னா நான் இல்ல" என்றார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவாவிலிருந்து போன் வரும். எடுத்ததும் முதல் கேள்வி, மலை ஆடுதா என்பதுதான்.

கப்பல் அதோடு மூழ்கவில்லை. நாலு நாள் புகைந்துகொண்டே மிதந்தது. இழுவைக் கப்பல் வந்து கட்டி இழுத்தது. ஐந்தாம் நாள் நார்த் லில்லி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கயிற்றை அறுத்துவிட்டுக் கடலுக்குள்ளே போய்விட்டது. அப்போது இவர்கள் கரையில், மாலுமிகள் தங்கும் விடுதியில் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும் பெர்னாண்டஸ் தட்டை விட்டு எழுந்து நின்றார். யாரும் சொல்லாமலே சலவை ஆட்கள் எல்லாரும் எழுந்தார்கள். அப்புறம் சமையல்காரர்கள், அறை சுத்தம் பண்ணுகிறவர்கள். எச்சில் கையோடு அறுபது எழுபது பேர் சும்மா நின்றார்கள். பெர்னாண்டஸ் கப்பலின் ஐந்து பேரையும் சொன்னார், அன்றைக்கு மெதுவாக.

அழகுராஜாவிடம் கப்பலைப் பற்றிக் கேட்கிறவர்கள் பயங்கரமான கதையைத்தான் எதிர்பார்த்து வருவார்கள். அவர் சொல்வது வேறு. "எம்புள்ளைக ரெண்டும் அது குடுத்த சம்பளத்துல படிச்சதுக. ஒருத்தி தேனியில நர்சா இருக்கா. ஐம்பத்தஞ்சு வருசம் அந்தக் கப்பலு எத்தனை சனத்தச் சொமந்துச்சோ, ஒரு உசுரக் கேட்டு வாங்கிக்கல. போறப்பகூட எங்க எல்லாரையும் எறக்கிவிட்டுட்டுத்தான் போச்சு." இதைச் சொல்லும்போது அவர் கை தானாக எதையாவது மடித்துக்கொண்டிருக்கும், துண்டோ, வெறும் சாக்கோ. பெரிய கப்பலில் போன ஆள் இப்படிக் குடோனில் வந்து உட்கார்ந்துவிட்டாரே என்று பரிதாபப்படுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

தவசி இப்போது குரங்கணியில் ஜீப் ஓட்டுகிறார்.

சரக்குக் கப்பலில் ஏறிய அன்று சாயங்காலம், அதன் கேப்டன் ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டுக்குப் பேச ஒரு நிமிஷம் கொடுத்தார். வரிசையில் நின்று அழகுராஜாவின் முறை வந்தபோது அவர் சூர்யகலாவின் நம்பரைப் போடவில்லை. தவசிக்கு அழுகையில் எந்த நம்பரும் ஞாபகம் வரவில்லை. அழகுராஜாவே பொற்கொடிக்குப் போட்டார்.

"ஆத்தா, நான்தான். உன் ஆளு எம்பக்கத்துல நிக்கிறான். நல்லா இருக்கான்" என்று சொல்லிப் போனைத் தவசி கையில் கொடுத்தார். தவசி மிச்ச நேரம் பூராவும் மூக்கை உறிஞ்சினார். நிமிஷம் முடிந்துவிட்டது.

ஊரில், டிவியின் அடியில் ஓடிய ஒரு வரியில், பயணிகள் கப்பல் தீப்பிடித்தது என்று மட்டும் வந்திருந்தது. யார் பிழைத்தார்கள் என்று இல்லை. பெரிய மகள் அதைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு சூர்யகலாவுக்குப் போன் செய்தாள். சூர்யகலா அப்போது போடி குடோனில் ஏலக்காய் தரம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். ஐந்தரை மணிக்குப் பெண்கள் எல்லாரும் எழுந்து போனார்கள். அவர் எழவில்லை. வீட்டுக்குப் போனால் டிவி இருக்கிறது. முன்னால் இருந்த குவியலையே பொறுக்கினார், முடிந்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டு மறுபடி பொறுக்கினார். ஆறரை மணிக்குக் குரங்கணி ஜீப்பு குடோன் சந்துக்குள் வந்து நின்றது. பொற்கொடி இறங்கி ஓடிவந்தார்.

"மதினி, அண்ணே பேசிட்டாக. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

பன்னிரண்டு நாள் கழித்து ஆட்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். பஸ் நிலையத்திலேயே அழகுராஜா தவசியின் கையைப் பிடித்துப் பொற்கொடி பக்கம் தள்ளி, "கொண்டாந்து விட்டுட்டேன் ஆத்தா" என்றார். பொற்கொடி குனிந்து அவர் காலைத் தொடப் போனார். இவர் பதறி நகர்ந்தார். தவசி, "கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்றார்.

சிலமலை வீட்டில் அன்றைக்கு இலையைப் போட்டுவிட்டு, சோறு போடாமல் சூர்யகலா எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு நிமிசந்தான் குடுத்தாகளாம்ல."

"ஆமா."

"அதை எனக்குக் குடுத்திருக்கலாம்ல."

அழகுராஜா இலையைப் பார்த்தார். "வாக்கு அந்தப் பிள்ளைக்குக் குடுத்தேன். உனக்கு ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே."

"பதினோரு வருசமா ஒண்ணுஞ் சொல்லாமத்தான் போனீக, வந்தீக" என்றார் சூர்யகலா. கோபமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரலை இறக்கினார். "அவகிட்டப் பேசுனதும் நல்லதாப் போச்சு. எங்கிட்டப் பேசியிருந்தா, அப்பிடியே உக்காந்திருப்பேன். எந்திரிச்சுக் குரங்கணிக்குப் போய் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். அம்புட்டுத் தெம்பு எனக்கு இல்ல. அவ கெடச்ச ஜீப்புல தாவி ஏறி வந்துட்டா."

அழகுராஜா இலையில் தண்ணீரைத் தெளித்தார்.

"சோத்தப் போடு" என்றார்.

சூர்யகலா போட்டார். போட்டுவிட்டு எழுந்து போகாமல், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.